தீப்பெட்டி எண் பதினேழு

ஜூன் பன்னிரண்டு. டெல்லியில் நாற்பத்தைந்து டிகிரி.
கரண்ட் போய் வந்த இடைவெளியில்
நுண்ணோக்கியின் கண்ணாடியெல்லாம் என் வியர்வை.
மேசைமேல் ஒரு தீப்பெட்டி.
மேலே கிளிப் படம், பக்கவாட்டில் சிவகாசி முகவரி.
சாத்தூரில் என் தெருவிலிருந்து
பஸ்ஸில் அரை மணி நேரம்.
என்னைவிட அதிகம் ஊர் சுற்றியிருக்கிறது:
லாகூலில் ஒரு டீக்கடை வரைக்கும் போய்,
குச்சி தீர்ந்து,
ரிக்சினின் கோட்டுப் பையில் ஏறி
இப்போது உள்ளே நெருப்புக்குப் பதிலாக
பனியோரம் பிறந்த ஒன்று.

பனி என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன்.
எங்களூரில் பனி என்றால்
மார்கழியில் சைக்கிள் சீட்டை நனைப்பது,
எட்டு மணிக்குள் காய்ந்துவிடுவது.
ரிக்சினின் பனி
ஆறு மாதம் ஆளுயரத்துக்குக் கிடக்கும்.
அதன் அடியில், இருட்டில்,
இது ஊர்ந்து ஊர்ந்து தின்றுகொண்டிருக்கும்.
மே மாதம் பனி பின்வாங்கும்போது
அந்த ஈர விளிம்பில், ஒரு வாரம்போல,
படுத்த புல்லின்மேல் ஏறி மணிமணியாய் நிற்கும்.
இரண்டு பனிக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறோம்.
நிலத்தை ஐந்தாகப் பிரித்தவர்கள்
இந்த விளிம்புவரை நடக்கவில்லை.

சளிப்பூஞ்சை என்கிறது கலைச்சொல் அகராதி.
சளியில்லை.
பூஞ்சையுமில்லை.
செடியில்லை; நகர்கிறது, ஆனாலும் விலங்கில்லை.
அறிவை எண்ணி உயிர்களை
வரிசையில் உட்காரவைத்த மொழியில்
இதற்கு எந்தப் பலகை?

திறக்கிறேன்.
எட்டு உருண்டைகள், கடுகளவு.
விளக்கைச் சாய்த்தால் மயில்கழுத்து நிறம்.
அக்கா கல்யாணப் பட்டைக்
கடை வாசலுக்கு எடுத்துப்போய்
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தோமே, அது.
பேரினம் வரை சிக்கலில்லை: லாம்ப்ரோடெர்மா.
அதற்குமேல் திறவுகோல் கேள்வி கேட்கிறது.

காம்பு உண்டா? உண்டு, குட்டையாய்.
இழைகளின் நுனி வெளுத்திருக்கிறதா? ஆம்,
அல்லது கண்ணுக்குக் களைப்பு.
வித்து எத்தனை மைக்ரான்?
ஒன்றைப் பிளந்து இருபது வித்து அளந்தேன்:
பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டரை, பன்னிரண்டரை.
பதினொன்றுக்குள் என்றால் இந்த வரிக்குப் போ,
பதினான்குக்கு மேல் என்றால் அந்த வரிக்கு.
நடுவில் நிற்பவருக்கு அந்தப் பக்கத்தில் வரியே இல்லை.
முள் தனித்தனியா, வலையாய்ச் சேர்ந்ததா?
எண்ணெய் விட்டுப் பார்த்தேன்.
ஒரு பாதியில் தனித்தனி.
திருகியதும் மறுபாதியில்
கைகோத்தது மாதிரி இருந்தது.

ரிக்சினுக்குப் போன் போட்டேன்.
"எவ்வளவு உயரத்தில் எடுத்தாய்?"
"மூவாயிரத்து அறுநூறு. ஓடைக்கு மேலே, வடக்குச் சரிவு."
"பனியிலிருந்து?"
"ஒரு செருப்பு நீளம். இப்போ அங்கே ஆடு மேயுது."

சாயங்காலம் முனிர்க்காவில்
வீட்டுக்காரர் ஜக்பீர் போலீஸ் படிவத்தோடு மாடியேறி வந்தார்.
குடியிருப்போர் விவரம், இரண்டு போட்டோ.
"பெயர்?"
"இரா. பொற்கொடி."
"குடும்பப் பெயர்?"
"இல்லை."
"அதெப்படி இல்லாமல் இருக்கும்?"
இரா என்பது அப்பா என்றேன்,
அவருக்கும் அதுமாதிரி முன்னால் ஒரு எழுத்து என்றேன்.
கேட்டது பெயரை இல்லை என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
அவர் பேனா அந்தக் கட்டத்தின்மேல்
கொசு மாதிரி சுற்றியது.
பிறகு மதராஸி என்று
அழுத்தி எழுதிக்கொண்டு இறங்கிப்போனார்.

மறுநாள் சீட்டு எழுதினேன்.
லாகூல், வடக்குச் சரிவு, புல்தண்டின்மேல்,
எடுத்தவர் ரிக்சின்.
பேரினம்: லாம்ப்ரோடெர்மா.
சிற்றினம் என்ற இடத்தில்
ஒரு நொடி ஜக்பீரின் சொல்லை எழுதக் கை துறுதுறுத்தது.
எழுதவில்லை.
ஒப்பிடுக என்று மட்டும் போட்டேன்,
பென்சிலில்.

ஏழு உருண்டை மிச்சம்.
தீப்பெட்டியை மூடியதும்
குச்சி இருக்கிறதா என்று காதோரம் ஆட்டிப் பார்க்க
பழக்கதோஷத்தில் கை மேலே போனது.
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.